இணைப்பெயர்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஆற்றில் தண்ணீர் வந்தால்
அது செய்தி. மற்ற நாளெல்லாம் மணல்தான் ஆறு.
உலர்தாவரகத்தின் மூன்றாம் அலமாரியில்
பதினோரு தாள்கள், இரண்டு உறைகள்,
ஒரே புதர்.
எனக்கு அது ஜூலையில் தெரிந்துவிட்டது.
சொல்ல நவம்பர் ஆயிற்று.

ஊசியிலைக்காரனை
நில அளவைக்கு வந்த ஒருவர்
ஒட்டகத்தின் மேலிருந்தே ஒடித்து அனுப்ப,
கடல்தாண்டி யாரோ 1911இல் பெயர் வைத்தார்.
புழுதி நிறத்தது என்று லத்தீனில்.
அகன்ற இலைக்காரிக்கு
டெஸ்மண்ட் ஹார்லாக் 1984இல் வைத்தார்:
நொரீனியே. நொரீனுடையது.
ஜீப்பை அவள் ஓட்டுவாளாம், இவர் பறிப்பாராம்.

வடக்குச் சாலை, எண்பதாம் கிலோமீட்டர் கல்.
தீ பாதி தின்று விட்டுப்போன ஒரு புதர்.
கருகாத கிளையில் ஊசி,
கருகித் துளிர்த்த கிளையில் அகலம்.
மதியம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தேன்,
வேறு செடி என்று சொல்ல
ஒரு சாக்கு அகப்படுமா என்று.
காய்களை உடைத்தேன்.
விதைக்காம்பு இரண்டிலும் ஒரே மடிப்பு.

பெயர் விஷயத்தில் நானும் தோற்றவள்தான்.
எங்கள் கருவேலும் குடைவேலும்
அகேசியாவாகத்தான் இருந்தன,
பல் துலக்கவும் காலில் ஏறவும்.
பேரினத்தைப் பிரித்தபோது
மாநாட்டில் வாக்கெடுத்து
அந்தப் பெயர் இந்த ஊர் மரங்களோடு தங்கிவிட்டது.
கருவேலுக்கு இப்போது வேறு பெயர்.
முள் மழுங்கவில்லை.

வியாழன்தோறும் அவர் வருவார்.
ஓய்வுபெற்றுப் பதினெட்டு வருஷம்;
அலமாரிக்குமேல் இன்னும் அவர் குவளை.
நான் சுற்றி வளைத்தேன்:
மாறுபாடு, மரபணு,
முந்திய பெயருக்கே உரிமை...
அவர் எழுதிய பாடத்தை அவருக்கே.
கையை நீட்டினார். "காயைக் காட்டு."

நுண்ணோக்கியில் குனிந்தவர்
வெகுநேரம் நிமிரவில்லை.
உறைபெட்டி நின்று, மறுபடி உறுமியது.
"தீ," என்றார்.
"நாங்கள் போனதும் தீக்கு அடுத்த வருஷம்தான்.
கூந்தலைவிட்டுச் சாம்பல் போகவில்லை என்று
வழியெல்லாம் திட்டினாள்."

பழைய சீட்டை நாங்கள் கிழிப்பதில்லை.
பக்கத்தில் புதிதை ஒட்டுவோம்.
தவறாகச் சொன்னவர்களும் தாளில் இருப்பார்கள்,
தேதியோடு, கையெழுத்தோடு.
ஏழு தாளுக்கும் ஏழு சீட்டு, அவரே எழுதினார்.
ஐந்தாவதில் மட்டும்
நொரீ என்று தொடங்கி
அடித்து எழுதினார்.
அதையும் ஒட்டினேன்.

தாள்கள் இடம்மாறியதும் வெறும் உறை ஒன்று மிஞ்சியது,
ஓரத்தில் அவர் கையெழுத்தில் அவள்.
உறைக்குப் பதிவெண் கிடையாது.
கேட்டார், கொடுத்தேன்.

வெளியே நாற்பத்தொரு டிகிரி.
அதைத் தலைக்குமேல் பிடித்தபடி
கார் வரைக்கும் நடந்தார்.