ஓட்டேரி நிறுத்தம்

காட்பாடியிலிருந்து பாகாயம் வரை
ரெண்டாம் நம்பர் வண்டி.
பதினோரு வருஷமாய் என் தோளில் தோல்பை,
வாயில் விசில்.

இந்த ஊரில் ஒருவனைத் திட்ட
கெட்ட வார்த்தை தேட வேண்டாம்.
"இன்னாடா, பாகாயம் வண்டி ஏத்திவுடட்டா?"
என்றால் போதும், டீக்கடையே சிரிக்கும்.
நானும் சொல்லியிருக்கிறேன்.
சில்லறை தராத ஆளிடம்,
படியில் தொங்கிய பையனிடம்,
ஒருமுறை என் மனைவியிடம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்
ஓட்டேரி என்றே கேட்பார்கள்.
காலேஜ் பசங்க இறங்கும் நிறுத்தம் அது,
கும்பலோடு கலந்துவிடலாம்.
பிறகு பாகாயம் வரை
வேலூர் வெயிலில் நடை.

அணைக்கட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தி
மாதாமாதம் மகனோடு வருவாள்.
மீசை முளைத்தவனின் மணிக்கட்டை
விடாமல் பிடித்துக்கொண்டே ஏறுவாள்.
பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும்
இலவசச் சீட்டுக்கும் இறங்குமிடம் கேட்க வேண்டும்.
கேட்பேன்.
ஜன்னலைப் பார்த்து ஓட்டேரி என்பாள்.
அவள் பையில் எட்டிப்பார்க்கும்
மருந்துச் சீட்டைப் பார்த்து
தெரிந்தவன் போலச் சிரிப்பேன்.

பிறகு எனக்குத் தூக்கம் போனது.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
கடன் இருந்தது, எல்லாருக்கும் இருப்பதுதான்.
மூன்று மணிக்கு விழிப்பேன்,
மார்பில் யாரோ மூட்டை இறக்கியதுபோல.
முதல் ட்ரிப்பிலேயே கணக்கு உதைக்கும்.
பாலாற்றுப் பாலம் ஏறும்போதெல்லாம்
கீழே மணலைப் பார்த்து
தண்ணீர்கூட இல்லையே என்று தோன்றும்.
எதற்குத் தண்ணீர் என்று
என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை.

வீட்டில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள்.
கூட்டாளிகள் குவார்ட்டர் வாங்கித் தந்தார்கள்.

கண்டுபிடித்தது டிரைவர் தனகோட்டி.
ஓட்டும்போது அவருக்கு நான்
முகமில்லை, வெறும் சத்தம்.
கொணவட்டம் டிப்போவில்
டயரைத் தட்டிக்கொண்டே சொன்னார்:
"ரெண்டு மாசமா உன் விசில்ல காத்தே இல்லப்பா.
இன்னா பண்ணுது?"

அதுவரை எல்லாரும்
என்ன பண்ணினாய் என்றுதான் கேட்டார்கள்.

லீவு நாளில் கூடவே வந்தார்.
எங்கள் வண்டியேதான். கண்டக்டர் முனவ்வர்,
போன வருஷம் வேலைக்கு வந்த பையன்.
எங்கண்ணே என்றான்.
ஓட்டேரி என்றது என் வாய்.
பின்னாலிருந்து தனகோட்டி
ஹாரன் அடிப்பதுபோல:
"பாகாயம் ரெண்டு!"

வண்டி நிற்கவில்லை.
ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
முனவ்வர் எச்சில் தொட்டு
ரெண்டு சீட்டு கிழித்தான்.

மாத்திரை தந்தார்கள், பேச வைத்தார்கள்.
மூன்று மாதம் வாய் கசந்தது, உடம்பு பருத்தது.
இப்போது நாலரை வரை தூங்குகிறேன்.
இது போதுமா, தெரியவில்லை.

டிப்போ கழிப்பறையில்
ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள்,
எவ்வளவு ஆகும், எந்த வாசல் என்று,
குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில்.
ஒருவன் இன்னும் அந்த ஜோக்கைச் சொல்கிறான்.
சிரிக்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், தீரவில்லை.

போன செவ்வாய் அந்த அம்மா ஏறினாள்.
ஓட்டேரி என்றாள். கொடுத்தேன்.
ஓட்டேரியில் பசங்க இறங்கினார்கள்,
அவளும் எழுந்தாள்.
"வெயிலா கீதும்மா, உக்காரு.
வண்டி அங்கதான் போவுது.
மூணாம் தேதி நானும் அங்கதான் வரேன்."

அவள் உட்காரவில்லை.
கம்பியைப் பிடித்து நின்றாள்.
இறங்கவும் இல்லை.
மகன்தான் முதலில் உட்கார்ந்தான்.

எனக்கு விசில் கொடுக்க
கொஞ்ச நேரமானது.
பின்னால் ஒரு லாரி
அடித்துக்கொண்டே இருந்தது.