எழுபத்திரண்டு புள்ளிக்குக் கீழே வேண்டாம்

இந்த எழுத்துருவுக்கு
ஒறம்பரை என்று பேர் வைத்தேன்.
இரண்டு நாள் இருக்கலாம்,
பலகாரம், புதுத்துணி, கூடம் நிறைந்த சிரிப்பு.
மூன்றாம் நாளும் தங்கினால்
வீடு தாங்காது.

தலைப்புக்கு மட்டும் என்று
அதனால்தான் சொல்லிச் சொல்லி விற்கிறேன்.
ககரத்தின் தோளில் ஒரு சுருள்.
லகரத்தின் வால் அடிக்கோட்டைத் தாண்டிப் போய்
அடுத்த எழுத்தின் காலடியில் படுத்துக்கொள்ளும்.
கொம்புகள் நிஜமாகவே கொம்புகள்,
காங்கேயம் காளைக்குப் போல
வெளியே விரிந்து உள்ளே வளைபவை.
ணகரத்துக்கு மூன்று சுழி போதாதென்று
நான்காவது ஒன்று போட்டு
ஒரு வாரம் கழித்து எடுத்துவிட்டேன்.
அது இருந்த இடம் இன்னமும்
கொஞ்சம் அகலமாகவே இருக்கிறது.

யார் கேட்டார்கள்?
சங்ககிரி ரோட்டு மருந்துக்கடைக்காரர்
'காலை ஒன்று இரவு ஒன்று' என்பதை
ஒன்பது புள்ளியில் அச்சடித்தார்.
இரவு, இரண்டு மாதிரி தெரிந்திருக்கிறது.
நல்லவேளை, சத்து மாத்திரை.
ஒரு பள்ளிக்கூடம்
கட்டணச் சுற்றறிக்கை முழுவதையும் இதிலேயே விட்டது.
பெற்றோர் ஒருவருக்கும் புரியவில்லை.
நோக்கமே அதுவாகவும் இருக்கலாம்.

பிறகு போர்வெல் அர்த்தநாரி வந்தார்,
செருப்பில் காயாத சேறு.
"எங்கூட்டம்மா பேருங். ஞானாம்பிகை.
வண்டி நெத்தியில போடோணும்.
படிக்கறதெல்லாம் அப்பறமுங்,
மொதல்ல பாக்கோணும்."

ஞ.
கடைசிவரை தள்ளிப்போட்டு
பயந்துகொண்டே வரைந்த எழுத்து.
பெரிதாக்கிப் பார்க்கையில்
நான் தடுமாறிய இடமெல்லாம் தெரிந்தது.
ஸ்டிக்கர் வெட்டும் பிளேடு
அதன் உட்சுழியில் இரண்டு தடவை ஒடிந்தது.
சிவப்பில் மஞ்சள் ஓரம் கட்டி
திருச்செங்கோட்டு மலை பின்னால் நிற்க
வண்டி வடக்கே கிளம்பியது.

நாலு மாதம் கழித்து
சத்தீஸ்கரில் இருந்து ஒரு படம் வந்தது.
டிரைவர் மாரப்பன் அனுப்பியிருந்தான்.
மண்சுவர். அதில் சுண்ணாம்பால் ஒரு ஞ.
அந்த ஊரில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது,
அது ஒரு சத்தம் என்பதுகூடத் தெரியாது.
முந்நூற்று இருபது அடியில் தண்ணி வந்த அன்று
எதிர்வீட்டுப் பொண்ணு வரைந்தாளாம்.
சுழி சரி, வளைவு சரி,
தலையில் மட்டும் ஒரு கண் வைத்திருக்கிறாள்.
"மயிலுன்னு நெனச்சுப்போட்டாங்க அக்கா" என்றான்.

படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன்.
என் வாலைவிட அவள் வால் நன்றாக இருந்தது.
இறங்குமுன் ஒரு நொடி நின்று இறங்குகிறது.
கோப்பைத் திறந்து
மூன்று கணுக்களை நகர்த்தினேன்.
பதிப்பு ஒன்று புள்ளி ஒன்று.
கண் வைத்த ஞ ஒன்றும் உள்ளே கிடக்கிறது,
எந்த விசைக்கும் ஒதுக்கவில்லை.

அர்த்தநாரி
அந்த இரண்டாவது பிளேடுக்கு
இன்னும் காசு தரவில்லை.