நூற்றிருபது சொற்களுக்குள்

மாவட்ட அலுவலகக் கடிதத்தில்
அளவு சொல்லியிருந்தார்கள்.
பலகை எண்பதுக்கு அறுபது சென்டிமீட்டர்,
வாசகம் நூற்றிருபது சொற்களுக்கு மிகக் கூடாது.
சம்பளமில்லாத ஊர்த்தலைவி நான்.
பகலில் பள்ளி பஸ் ஓட்டுகிறேன்,
இரவில் சமையலறை மேசையில்
டோர்னல்ஸ்ரோட்டைச் சுருக்குகிறேன்.

ரோட் என்றால் காடுவெட்டி.
வெட்டியவர் பெயர் இல்லை,
வெட்டுப்பட்ட காடு இன்னும் மூன்று பக்கமும் நிற்கிறது.
நான்காவது பக்கம் டோர்னல் ஓடை.
கடல்மட்டத்துக்கு மேல் நானூற்றுப் பதினெட்டு மீட்டர்.
எங்கே நின்று அளந்தார்களோ!
என் வீட்டுக்கும் வெண்டலின் ஹாபர்கோர்ன் வீட்டுக்கும் நடுவிலேயே
முப்பது மீட்டர் ஏற்றம்.
நவம்பரில் அவர் கூரை வெளுத்துவிடும்,
என் கூரை வெறுமனே நனைந்துகொண்டிருக்கும்.

மக்கள்தொகை முந்நூற்றுப் பன்னிரண்டு.
வியாழக்கிழமை லோட்டே ப்ரைட்டுங் போய்விட்டாள்.
பதினொன்று என்று திருத்தினேன்.
ஸ்வான்ட்யேவுக்கு ஜூலையில் குழந்தை.
பென்சிலை வைத்துவிட்டு யோசித்து
'ஏறத்தாழ முந்நூறு' என்றேன்.

வரலாறு ஒரு பாக்கியில் தொடங்குகிறது.
1271இல் ஏதோ மடத்துக் கணக்கில்,
"டோர்னல்ஸ்ரோட்: கோழி மூன்று, தேன் ஒரு குடம்,
வந்து சேரவில்லை."
உலகம் எங்களை முதன்முதலாக எழுதியதே
கடன்காரர்களாகத்தான்.
அந்த 'வந்து சேரவில்லை'யை எடுத்துவிடச் சொன்னது ஊர்க்குழு.
நான் விடவில்லை.

முப்பதாண்டுப் போர் முடிந்தபோது
நாற்பத்தோரு அடுப்பில் ஆறுதான் புகைந்தது.
தேவாலயக் கோபுரம் மதுக்கடைப் பக்கம் சாய்ந்திருக்கும்,
மண் இளகியதால் என்கிறார் பொறியாளர்.
மணியை இரண்டு போர்களும் ஒவ்வொரு முறை தின்றன.
இப்போதிருப்பது எஃகு;
குளிரில் கொஞ்சம் தொண்டை கட்டிக்கொள்ளும்.
மாதத்தின் முதல் சனிக்கிழமை
பொது ரொட்டி அடுப்பு எரியும்.
கூட்டம் வரும், வெண்ணெய் தீர்ந்துபோகும்.

பிறகு குவாரி.
எரிமலைக் கருங்கல் வெட்டிய பள்ளம், இன்று பச்சைத் தண்ணீர்.
'குளிக்கத் தடை' அறிவிப்பில் துண்டைத் தொங்கவிட்டு
எல்லோரும் குளிக்கிறோம்.

ஊராட்சி அலமாரியின் அடித்தட்டில்
ஒரு சூப்புக் கணக்கு கிடைத்தது.
1943. கிழக்கிலிருந்து கொண்டுவந்த ஆட்கள்.
தினம் பத்தொன்பது கிண்ணம்.
மார்ச் ஒன்பது முதல் பதினெட்டு.
ஓரத்தில் பென்சிலில்: தெக்லா, பதினேழு வயது, கல் சரிந்தது.
குடும்பப் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள்.
கீழே கையெழுத்து, மேஸ்திரி ஹாபர்கோர்ன்.

கூட்டத்தில் வாசித்தேன்.
யாரோ காப்பிக் கோப்பையைத் தட்டில் ஒரு சுற்று திருப்பினார்கள்.
வெண்டலின்தான் பேசினார்:
"இடமில்லை, குண்டுலா.
லிண்டன் மரத்துக்கே பதினான்கு சொல் போயிற்று."
எண்ணிப் பார்த்தேன். பதினான்குதான்.

செவ்வாய்க்கிழமை தபால்பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டு.
மேட்டிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறார்,
பனியில் தடம் போகவும் வரவும்.
'என் அப்பா ஊருக்குக் கொடுத்த பெஞ்சைப் பற்றிய வரி
ஒன்பது சொல்.
எடுத்துக்கொள்.'

எடுத்துக்கொண்டேன்.
இந்தக் குவாரியில் பத்தொன்பது பேர் கட்டாயத்தில் கல் உடைத்தனர்;
தெக்லா இறந்தாள்.
சரியாக ஒன்பது.
வயதுக்கு இன்னும் இரண்டு வேண்டும்.
தொடக்கத்தில் 'அழகிய' இருந்தது, முடிவில் 'அன்புடன்'.
இரண்டையும் அடித்தேன்.

நேற்று அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது.
டோர்னல்ஸ், அடுத்த வரியில் ரோட் என்று
ஊர்ப்பெயர் உடைந்து கிடக்கிறது.
போன் செய்து சொல்ல வேண்டும்.
பெஞ்சு அங்கேயேதான் இருக்கிறது,
குவாரியைப் பார்த்தபடி, மேலே நான்கு விரற்கடைப் பனி.
ஏழு ஐந்துக்கு பஸ் எடுக்கணும்,
கண்ணாடியை இன்னும் சுரண்டவில்லை.