பொழுதுபோக்கு: பேருந்துச் சீட்டு சேகரித்தல்

கோரிப்பாளையம் சிக்னல் தாண்டி
ஜெராக்ஸ் கடையில்
என் பயோடேட்டாவை யாரும் புதிதாக அடிக்கவில்லை.
முந்தின ஆளின் கோப்பைத் திறந்து
பெயரை அழித்தார் கடைக்காரர்.
அப்பா பெயரை அழித்தார்.
முகவரியைச் செல்லூராக்கினார்.
"குழுவாக வேலை செய்வேன்,
சீக்கிரம் கற்றுக்கொள்வேன்...
இதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதானம்மா, இருக்கட்டும்."
இருக்கட்டும் என்றேன்.
ஐந்து பிரதி. பக்கம் மூன்று ரூபாய்.

மூன்று வருஷம் பி.பி.ஏ.
கடைசிப் பருவத்தில் ஒரு ப்ராஜெக்ட்:
டவுன்ஹால் ரோடு செருப்புக் கடைகளில்
வாடிக்கையாளர் திருப்தி.
நூற்றிருபது பேரைக் கேட்டதாக எழுதியிருக்கிறேன்.
அதில் நாற்பத்துமூன்று பேர் நானே.
நீலம், கறுப்பு, பச்சை மைகளில்
மொட்டைமாடியில் உட்கார்ந்து
விதவிதமாகத் திருப்தியடைந்தேன்.

கல்லூரிக்குப் பயிற்சி தர வந்தவர்
கை குலுக்கச் சொல்லிக்கொடுத்தார்.
கண்ணைப் பார், முறைக்காதே.
பலவீனம் என்னவென்று கேட்டால்
பலத்தையே கொஞ்சம் சோகமாகச் சொல்.
உன் தாளைக் கடைசி வரி வரை நீயே படி என்றும்
சொல்லியிருப்பார்.
நான் தூங்கியிருப்பேன்.

கப்பலூர் சிட்கோவில்
ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி.
காற்றில் பறக்காதிருக்க
என் தாள்மேல் ஒரு வாஷரை வைத்திருந்தார்
கழுத்து அட்டையில் ஹெப்சிபா, மனிதவளம்.
பலவீனத்தைக் கேட்கவில்லை.
ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பேன் என்றும் கேட்கவில்லை.
வாஷரை நகர்த்தி, கீழே விரல் வைத்தார்:
"பஸ் டிக்கெட் சேர்ப்பீங்களா? எத்தனை வெச்சிருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன்.
ஆமாம், அப்படித்தான் அச்சாகியிருந்தது.
சொல்லியிருக்கலாம், முந்நூறு, நானூறு என்று.
நாற்பத்துமூன்று பேராக இருந்தவளுக்கு
இதுவா பெரிய காரியம்.

பைக்குள் கை விட்டேன்.
காலையில் பெரியாரில் ஏறி வாங்கிய
மகளிர் இலவசச் சீட்டு
வியர்வையில் சுருண்டு கிடந்தது.
"ஒண்ணு இருக்கு மேடம்.
ஆனா இது என் பொழுதுபோக்கு இல்ல.
எனக்கு முன்னாடி அடிச்சவங்களோடது.
நான் படிச்சுப் பாக்கல."

அவர் சிரிக்கவில்லை.
வேறொரு கோப்பைப் புரட்டினார்.
"சர்மிளா பானு. செவ்வாய்க்கிழமை வந்தாங்க.
அவங்ககிட்ட இதைக் கேக்கத் தோணல."
பிறகு ஆயிரம் வாஷரில் பதினேழு சொத்தையென்றால்
எத்தனை சதவீதம் என்றார்.
ஒன்று புள்ளி ஏழு.
"தகவல் சொல்றோம்."

திரும்பும் பஸ்ஸில் இன்னொரு சீட்டு.
ஆக, இரண்டு.

சாயங்காலம் திருத்திவிடலாமென்று
அதே கடைக்குப் போனேன்.
என் கோப்பு திறந்திருந்தது.
ஸ்டூலில் ஒரு பையன்,
சட்டைப்பையில் புதுப் பேனா.
என் பெயர் ஒவ்வோர் எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது.
செல்லூர் போனது.
அந்த வரி சர்மிளாவுடையதா,
அவளுக்கும் முன்னால் யாருடையதோ.

"தம்பி, கடைசி வரியைப் பாத்துக்கங்க."
எட்டிப் பார்த்தான். வாய்க்குள் படித்தான்.
"இருக்கட்டும்க்கா" என்றான்.
"நல்லாத்தான இருக்கு."