பழுதுக் குறிப்பேடு

போன வருடக் கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை.
நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தேன்.
அதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.
அன்றிலிருந்து இந்தப் பதினேழு மாடிக்கும்
நிர்வாகி நான்.
சம்பளம் இல்லை. ஒரு நோட்டு உண்டு.

மார்ச் ஒன்பது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
ஓய்வுபெற்ற நீதிபதி ஓடிலோன், ஒரு கேக்குடன்.
நாற்பது நிமிடம்.
வெளியே வந்தபோது பாதி கேக்தான் இருந்தது.
"பதற்றம்" என்றார்.

மார்ச் பதினாறு. கதவு திறக்கிறது, மூடுகிறது,
திறக்கிறது.
யாரையோ கூப்பிடுவதுபோல்.

ஏப்ரல் இரண்டு. நின்றது.
ஏப்ரல் மூன்று. மேற்படி.
ஏப்ரல் நான்கு. மேற்படி. மழை வேறு.

மெக்கானிக் வாண்டர்லேய் வந்து பெட்டியைத் திறப்பார்.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி
சமர்த்தாக ஏறும், இறங்கும்.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
அவர் பைக் தெருமுனை திரும்பும்.
அதுவரை பொறுத்திருந்து
நிற்கும்.
"கடற்காற்று, அம்மா. உப்பு ஒயரைத் தின்கிறது" என்பார்.
ரெசிஃபேயில் எல்லாப் பழியும்
கடைசியில் கடல் தலையில்தான்.

எங்கள் கட்டடத்துக்கு இரண்டு லிஃப்ட்.
முன்பக்கத்தில் கண்ணாடியும் பித்தளைக் கைப்பிடியும்.
பின்பக்கத்தில் கீறல் விழுந்த தகரச் சுவர்:
சமைக்க வருகிறவர், துடைக்க வருகிறவர்,
தண்ணீர் கேன், குப்பை மூட்டை, நாய்,
கடலில் குளித்து மணலோடு திரும்புகிறவர்.
இன்னார் இதில் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை.
ஒட்டாமலே நாற்பது வருடமாக
எல்லோரும் படித்திருக்கிறோம்.

கெடுவது எப்போதும் முன்னது.
பின்னது ஒருநாள் லீவு கேட்டதில்லை.

ஆகவே மே மாதம் முழுக்க
எல்லோரும் பின்பக்கம்.
நீதிபதியின் முழங்கையில் வெங்காய மூட்டை.
லுசியோலா அம்மாளின் வாசனைத் திரவியத்தோடு
யார் வீட்டு மீனோ.
சட்டைப் பையைத் தடவிக்கொண்டு
மாடி எண் மாறுவதையே
எல்லோரும் பார்ப்போம், ஏதோ சினிமாபோல.

ஒருநாள் லுசியோலா பெருமூச்சு விட்டார்:
"நேற்று இதுவும் நிறைந்துபோய்
பதினாலு மாடி படியேறினேன். செத்தேன்."
பதினாலாம் மாடியில்
இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிற இவானில்டா
சிரித்தார், கெட்ட எண்ணம் இல்லாமல்.
"எங்கள் மேட்டுக்கு நூற்று அறுபத்து மூன்று படி, அம்மா.
ஒருநாளும் பழுதானதில்லை."

எட்டு. ஒன்பது. பத்து.
அன்று மாடிகள் மெதுவாக வந்தன.

ஜூன் பதினொன்று. கராஜில் கூட்டம்.
புது மோட்டாருக்கு ஆளுக்குப் பங்கு.
முதல் மாடிக்காரர்: "நான் ஏறுவதே இல்லை, ஏன் தரவேண்டும்?"
பதினேழாம் மாடிக்காரர்: "நான் இறங்குவதே இல்லை!"
ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள்.
மோட்டார் கப்பலில் வருமாம்.

அதுவரைக்கும் என்று ஒருவர் எழுந்தார்,
பெயர் வேண்டாம், நல்ல மனிதர்,
என் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்.
காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை
பின் லிஃப்ட் வீட்டுக்காரர்களுக்கு மட்டும்.
வேலைக்கு வருகிறவர்கள் படியில் வரட்டும்.
பழக்கப்பட்டவர்கள்தானே.

கை தூக்கினார்கள்.
ஆதரவு பதினொன்று. எதிர்ப்பு ஒன்பது.
ஒன்பதில் ஒரு கை நீதிபதியுடையது;
இன்னொன்று
பாதியில் நின்று, யோசித்து,
பிறகு மேலே போனது. லுசியோலா.

அதைத் தீர்மானங்கள் பக்கத்தில் நான் எழுதவில்லை.
பழுதுகள் பக்கத்தில் எழுதினேன்:
இரவு எட்டரை. கராஜ். நின்றது.
உள்ளே இருபது பேர்.

நோட்டீஸ் எங்கே என்று தினமும் கேட்கிறார்கள்.
பிரிண்டரில் மை இல்லை என்கிறேன்.
வாங்கத்தான் வேண்டும்.
நான் இருப்பதோ பன்னிரண்டாம் மாடி,
முட்டி வேறு சரியில்லை.
முன் லிஃப்ட் ஓடத் தொடங்கட்டும்,
முதல் வேலையாக
இறங்கிப் போய் வாங்கிவருகிறேன்.