தேய்மானம்

திபிலீசியில் மழை விட்ட மாலை.
நுட்சாவுக்குப் போகுமிடம் என்று ஒன்று கிடையாது.
சொலோலாகி ஏற்றத்தில் நாய் திரும்பினால்
அவளும் திரும்புவாள்.
நாய் இல்லையென்றால்
மாடிக் கொடியில் யாருடைய சிவப்புப் போர்வையோ
காற்றுக்குச் சாயும் பக்கம்.

வீடு வந்ததும்
பூட்ஸின் அடியில் கரி பூசி
தாளில் ஒருமுறை அழுத்துவாள்.
தேதி மட்டும் போடுவாள்.
ஐம்பத்திரண்டு வயது,
முந்நூற்றுப் பதினொரு தாள்.

"குதியை மாத்தித் தரட்டுமா? இருபது லாரி"
என்கிறான் பாலத்தடிக் கடையில் அன்ஸோர்,
சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டு.
வேண்டாம், அது என் கையெழுத்து.

பையன் சிரிக்கவில்லை.
பூட்ஸை விளக்கடியில் புரட்டிப் பார்க்கிறான்.
"ஒரு ஓரம்தான் தேஞ்சிருக்கு.
நீங்க வலப்பக்கம் திரும்புறதே இல்லையா?"

ரொட்டிக் கடைக்கு வலப்பக்கம்
ஓதாரின் ஜன்னல்.

முந்நூற்றுப் பதினொரு தாளிலும்
கரி ஒட்டாத அந்த வெள்ளை விளிம்பை
காகிதத்தின் குறை என்றே
நினைத்திருந்தாள்.

தைக்காத பூட்ஸுக்கு அவன் காசு வாங்கவில்லை.

ரொட்டிக் கடை வரை வந்துவிட்டாள்.
அடுப்பு வாசனை, ஈரக் கல், டிராலி பஸ்ஸின் முனகல்.
காற்று இல்லை.
பார்த்த வரையில்
ஒரு நாயும் இல்லை.