நானூறு கிராம்

பெண்டமியர் பின்சந்தில் லாரி நிற்கும்.
லாரியின் வாலில் தராசு.
தராசின் பின்னால் நான்.
அட்டை கிலோ ஏழு காசு,
நனைந்திருந்தால் ஐந்து.
நனைந்ததா இல்லையா என்பதை
என் கட்டைவிரல் சொல்லும்.
அதற்கு மேல் முறையீடு கிடையாது.

இயாப் சூ லெங் காலை பத்துக்கு வருவார்.
தள்ளுவண்டியில் மூன்று சக்கரம் அதனுடையது,
நாலாவது யாரோ வீசிய குழந்தை வண்டியிலிருந்து.
அது இடப்பக்கம் இழுக்கும்.
அவர் வலப்பக்கம் சாய்ந்தே நடந்து பழகியவர்,
வண்டி இல்லாதபோதும்.

டப்பாக்களோடு ரொஸ்மான் வருவார்,
காப்பிக்கடை மூன்றின் பின்கதவு அவர் வசம்.
செங்கமலம் வருவார்,
புளோக் கூட்டும் வேலை முடிந்து,
சீருடையைத் திருப்பி மாட்டிக்கொண்டு.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், வினீஷா.
கையில் டேப்லட், கழுத்தில் அட்டை.
இனி உங்களுக்கும் எண் உண்டு என்றாள்,
மஞ்சள் மேலங்கி உண்டு,
மழைக்காலத்தில் காப்புறுதி உண்டு,
நீங்கள் பொறுக்குவது இந்த நாட்டின்
மறுசுழற்சிக் கணக்கில் ஏறும் என்றாள்.
நல்ல பெண்தான். வியர்த்திருந்தாள்.

தொழில் என்ற இடத்தில்
அவள் விரல் மேலும் கீழும் போனது.
பட்டியலில் இவர்கள் இல்லை.
'இதர' என்று தட்டினாள்.

சூ லெங் அவளைப் பேசவிட்டார்.
பிறகு வண்டியின் அடியிலிருந்து
ஒரு மூட்டை அரிசியை எடுத்தார்.
ஐந்து கிலோ. தையல் பிரிக்காதது.
தராசில் வைத்தார்.

4.60.

"அரிசி காய்ஞ்சிருக்கும்" என்றேன்.
எப்படி அது என் வாயில் வந்ததோ.

செங்கமலம் தன் தண்ணீர்ப் போத்தலை வைத்தார்,
ஒன்றரை லிட்டர், மூடி திறக்காதது.
1.40.
"தண்ணியும் காய்ஞ்சு போச்சாப்பா?"
தமிழில் கேட்டார்.
அங்கே தமிழ் தெரிந்தது
எனக்கும் வினீஷாவுக்கும்தான்.

திருகியது தவுக்கே.
சத்தியமாக நான் இல்லை.
திருகியிருக்கிறது என்று தெரிந்தும்
நாலு வருஷம் திருப்பாதது நான்.

சூ லெங் காசில் கணக்குப் போடவில்லை.
விரலை மடக்கி, பாசார் மலாயில்,
கோபமே இல்லாமல் சொன்னார்:
தினம் அறுபது கிலோ.
அதில் ஒரு பெரிய ஃபிரிட்ஜ் பெட்டி
உனக்குச் சும்மா வந்திருக்கிறது.
தினமும் ஒன்று.
தட்டி, மடக்கி, கட்டி,
சிக்னல் தாண்டி, நானே இழுத்து வந்து.

வினீஷா டேப்லட்டை அணைத்தாள்.
"முதலில் தராசு, அப்புறம்தான் அட்டை" என்றாள்,
யாரிடம் என்று தெரியவில்லை.
ரொஸ்மான் சிரித்தார்.
நான் லாரியின் பின்விளக்கைப் பார்த்தேன்.
கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

இப்போது தராசில் ஈய முத்திரை.
எண் தெரியும் முகம் அவர்கள் பக்கம்.
தவுக்கே என்னிடம் பேசுவதில்லை,
சம்பளம் மட்டும் பேசுகிறது.
மேலங்கி இன்னும் வரவில்லை.
தொழில் இன்னும் 'இதர'தான்.

காலை பத்து. அரிசி மூட்டை முதலில் ஏறும்.
ஒரு மூலை நைந்துவிட்டது,
சமைக்கவே மாட்டார் போல.
5.00. நான் நோட்டில் எழுதியாக வேண்டும்,
சூ லெங் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று இரவு மழை.
கட்டின் மேல் விரலை அழுத்தினேன்.
"நனைஞ்சிருக்கு" என்றேன்.
அவர் தன் கட்டைவிரலை
என் விரலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.
நகத்தடியில் கறுப்பு, இருவருக்கும்.

"மேலே ஈரம். உள்ளே இல்லை.
ஆறு போடு."

போட்டேன்.